அத்தையின் வாசல்

பெல் மறுபடியும் அடித்தது. கூடத்துக் கட்டிலில் கிடத்தியிருந்த அத்தையின் தலைமுடியைச் சீவிக்கொண்டிருந்த மருமகள் சீப்பை அப்படியே நிறுத்தினாள். கதவு அகலத் திறந்து கிடக்கிறது, செருப்புகள் படிக்கட்டு வரை இறைந்து கிடக்கின்றன, அழுகைச் சத்தம் கீழ்வீடு வரை கேட்கிறது. இருந்தும் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பொத்தானை ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் நுழைவது மரியாதை இல்லை என்று நினைத்தார்களோ, நீல வளையமாக மின்னும் பொத்தானைக் கண்டால் மனிதர்களுக்குக் கை சும்மா இருக்காதோ, தெரியவில்லை.

"அந்தப் பெல்லக் கொஞ்சம் நிறுத்தேன்," என்றான் கணவன். அழுது அழுது அவன் குரல் கம்மிப்போயிருந்தது. "ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அம்மா உள்ள இருந்து யாருன்னு கேக்கப் போறாங்கன்னே இருக்கு."

"நிறுத்தறேங்க," என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. அதை நிறுத்தப் போனைத்தான் எடுக்க வேண்டும், எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

நாத்தனார், கணவனின் அக்கா, விடியலில் வந்து இறங்கியதிலிருந்து அழுகையும் பேச்சுமாகவே இருந்தாள். துக்கம் வந்தால் வாய் அடைத்துப்போகிறவர்கள் ஒரு ரகம், திறந்துகொள்கிறவர்கள் ஒரு ரகம். நாத்தனார் இரண்டாவது. வருகிற ஒவ்வொருவரிடமும் மருமகளைக் கைகாட்டி ஒரே பாட்டைத்தான் பாடினாள்.

"இந்த பெல்லு மாட்டினது யாரு? இவதான். எங்கம்மா இடுப்பு ஒடஞ்சு படுத்தப்புறம் வாசலக் கூடப் பாக்க முடியலன்னு, பெல்லுல கேமரா வச்சு, அதப் பேசற பெட்டியோட சேத்து, கட்டில் பக்கத்துல வச்சுக் குடுத்தா. பெத்த பொண்ணு நான், எனக்குத் தோணுச்சா? போன் பண்ணி 'எப்படிம்மா இருக்க'ன்னு கேட்டதோட சரி. இவ எங்கம்மாவுக்குக் கண்ணு குடுத்தா, வாயும் குடுத்தா."

சுற்றியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒரு பெரியவர், "இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமகளா," என்று பெருமூச்சு விட்டார். மருமகள் சீப்பில் சிக்கிய முடியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே, கீழே இறங்க ஒரு வழி காட்டமாட்டார்களா என்றிருந்தது.

நாத்தனார் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் பெரிய கஷ்டம்.

அத்தையின் அறை வீட்டின் பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் கழிவுநீர்க் குழாய்கள்தான் தெரியும். மருமகளும் கணவனும் வேலைக்குப் போனபின், பகலில் பார்த்துக்கொள்ள வரும் அம்மாள் காலையில் கொஞ்ச நேரம் இருப்பாள், மத்தியானம் சோறு ஊட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவாள். எப்போதும் வலித்தைலம் மணப்பதால் அத்தை அவளுக்குத் தைலக்காரி என்று பேர் வைத்திருந்தாள். தைலக்காரி போன பிறகு பெல் அடித்தால் அத்தை "யாரு? யாரு?" என்று தொண்டை வறளக் கத்துவாள். வெளியே கேட்காது. வந்தவர் போய்விடுவார். யார் வந்திருப்பார்கள் என்று அத்தை சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருப்பாள். மருமகள் வந்து நுழைந்ததும் முதல் கேள்வி அதுதான்.

ஒரு விடுமுறை நாளில் மருமகள் பழைய பெல்லைக் கழற்றி எறிந்துவிட்டு இதை மாட்டினாள். இணையச் சேவை கொடுக்கும் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்கிற வேலை அவளுக்கு. இந்த மாதிரி சமாச்சாரமெல்லாம் தண்ணி பட்ட பாடு. பெல்லையும், அத்தையின் தலைமாட்டில் வைத்த சின்னத் திரை உள்ள பேசும் பெட்டியையும் போனில் இருந்தே கோத்துவிட்டாள். "வாசல்னு சொல்லுங்க அத்தை, வாசல் வரும். பேசினா அங்க கேக்கும். முடின்னு சொன்னா போயிடும், அவ்வளவுதான்."

கணவனை வெளியே நிறுத்திப் பெல் அடிக்கச் சொன்னாள். அத்தை சந்தேகத்தோடு, "வாசல்," என்றாள். திரையில் மகன் வந்து நின்றான். கேமராவுக்கு ரொம்பக் கிட்டே நின்றதால் மூக்கு மட்டும் முகத்தை விட்டு முன்னால் வந்திருந்தது.

"டேய், உனக்கு ஏண்டா இவ்ளோ பெரிய மூக்கு?" என்று அத்தை சிரித்த சிரிப்பில் இடுப்பு வலித்து, சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதற்கப்புறம் அத்தையைப் பிடிக்க முடியவில்லை. படுத்த படுக்கையிலேயே தெருவில் இறங்கிவிட்டாள். தண்ணீர் கேன் போடுகிறவரிடம் அவர் முதுகுவலிக்கு மருந்து சொன்னாள். மேல்வீட்டுக்கு டியூஷன் போகும் பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்டு, தப்பாகச் சொன்னால் படியேற விடமாட்டேன் என்று மிரட்டினாள். கூரியர் கொண்டுவருகிற இளைஞனுக்கு ஹெல்மெட் தம்பி என்று பேர். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி அத்தை பார்த்ததே இல்லை. மேல்வீட்டுக்குப் பார்சல் வந்தால்கூட அவன் இந்தப் பெல்லை ஒரு தட்டுத் தட்டி, "அம்மா, சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவான். சாயங்காலம் மருமகள் உள்ளே நுழைந்தால் இப்போது கேள்வி இல்லை, செய்தி அறிக்கைதான். யார் வீட்டில் குழாய் உடைந்தது, யாருக்கு இடமாற்றம், எல்லாம் அத்தையின் வாயில் இருந்து வரும்.

அப்படியே விட்டிருந்தால் என்ன?

அன்று அலுவலக இடைவேளையில், பார்சல் ஒன்று வந்துவிட்டதா என்று பார்க்கப் போனில் வாசலைத் திறந்தாள். ஹெல்மெட் தம்பி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அத்தையின் குரலும் கேட்டது.

"குளிப்பாட்டறேன்னு அவ என்னப் புரட்டறப்போ உசுரு போயி உசுரு வருதுப்பா. மாவு மூட்டையப் புரட்டற மாதிரி புரட்டுவா. வாயத் தொறந்து சொல்ல முடியுமா?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குக் கேட்டிருக்குமோ என்று காதெல்லாம் சூடாகிப்போனது. அத்தை இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்லியிருந்தால் கோபம் ஒரு நாளில் ஆறியிருக்கும். சொன்னது உண்மை. காலையில் அலுவலகத்துக்கு ஓடுகிற அவசரத்தில், தோளில் ஒரு கை இடுப்பில் ஒரு கை கொடுத்து ஒரே தள்ளில் புரட்டிவிடுவாள். "ஸ்" என்று பல்லுக்கிடையில் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் தன் காதில் விழவில்லை என்று அவள் தினமும் காலையில் தனக்கே சொல்லிக்கொண்டாள். இப்போது அது ஊருக்கே பார்சல் கொண்டுபோகிறவன் காதில் விழுந்துவிட்டது.

அங்கேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பெல்லுக்கும் பெட்டிக்கும் இருந்த இணைப்பை எடுத்துவிட்டாள். விரல் ஒரு தடவை பட்டால் போதும். சாயங்காலம் அத்தை, "வாசல் வரவே மாட்டேங்குதும்மா," என்றபோது, நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் சொல்கிற அதே வாக்கியம், அதே இனிப்போடு அவள் வாயில் வந்தது.

"சர்வர்ல கோளாறு அத்தை. புகார் பதிவு பண்ணியிருக்கேன். கூடிய சீக்கிரம் சரியாயிடும்."

கோபம் தணிகிறவரை ரெண்டு நாள் என்றுதான் நினைத்தாள். ரெண்டு நாள் வாரமானது. பிறகு அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போனது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி தனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இப்போது மறைத்துப் பயனில்லை. அத்தை மகனிடம் கேட்டாள், அவன், "அவ பாத்துக்குவாம்மா, எனக்கு இதெல்லாம் தெரியாது," என்று கைகழுவிவிட்டான். கடைசியாக ஒரு நாள், போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் ஏதாச்சும் தப்பா அழுத்திட்டனா?"

"அதுல அழுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல அத்தை. நீங்க ஒண்ணும் பண்ணல."

"இல்ல, நாந்தான் எதையோ கெடுத்துட்டேன்," என்றாள் அத்தை. அதன்பின் கேட்கவில்லை.

பெல் இன்னொரு தரம் அடித்தது. தைலக்காரி உள்ளே வந்தாள். நேரே வந்து அத்தையின் காலடியில் உட்கார்ந்து, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நேற்று மத்தியானம் சோறு ஊட்டிவிட்டுப் போனவள் அவள்தான். சாயங்காலம் வந்து பார்த்தவள் மருமகள். தூக்கத்திலேயே போயிருக்கிறது, மாரடைப்பு, மத்தியானமே முடிந்திருக்கும் என்றார் டாக்டர். தூக்கத்தில்தான் என்று எப்படித் தெரியும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

"நேத்து நல்லாத்தான் சாப்டாங்க," என்றாள் தைலக்காரி நாத்தனாரிடம். "வாசல் வேலை செய்யலன்ற குறைதான் அவங்களுக்கு. பெல் அடிச்சாப் போதும், உடனே பெட்டிப் பக்கம் திரும்பிடுவாங்க. 'வாசல்'ம்பாங்க. அது 'அந்தக் கருவி இணைப்பில் இல்லை'ன்னு சொல்லும். மறுபடியும் 'வாசல்'. மறுபடியும் அதே பதிலு. 'இருக்குடி, பெல்லு அடிக்குது பாரு, இருக்கு, நல்லாப் பாரு'ன்னு அதுகிட்ட கெஞ்சுவாங்க. நான் போய்க் கதவத் தொறந்து யாருன்னு பாத்துச் சொல்லுவேன். நான் இருக்கறப்போ சரி, நான் போனப்புறம்?"

நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். "மெஷின நம்பினா அப்படித்தான். பாவம், இவளும் என்னதான் பண்ணுவா. கம்பெனிக்காரன் கோளாறுக்கு."

மருமகள் எழுந்து வாசல் பக்கம் போனாள். பெட்டி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. கருவி இணைப்பில் இல்லை என்று, சொல் மாறாமல், கேட்டபோதெல்லாம், அலுக்காமல் சொல்லியிருக்கிறது. வீட்டில் பொய் சொன்னது ஒரே ஒரு ஆள்தான்.

வெளியே, செருப்புக் குவியலை மிதிக்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு ஹெல்மெட் தம்பி நின்றிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். முன்தலை லேசாக வழுக்கை விழத் தொடங்கிய, சாதாரண முகம். அத்தை பார்த்திருந்தால் அதற்கும் ஒரு பேர் வைத்திருப்பாள். மேல்வீட்டுப் பார்சல் கையில் இருந்தது.

"அக்கா, அம்மாவா?"

அவள் தலையசைத்தாள்.

"உள்ள வரலாமாக்கா? ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்." கேட்டானே தவிர, காலை எடுத்து வைக்கவில்லை. "ரொம்ப நாளா அம்மா பேசவே இல்ல. அடிச்சுப் பாப்பேன், குரல் வராது. நான்தான் ஏதோ தப்பா பேசிட்டேன் போல, கோவமோன்னு நெனச்சேன். எங்க வீட்டுல மாசமா இருந்தாங்க, டாக்டர் என்ன சொன்னாருன்னு அம்மாதான் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. பையன் பொறந்தத சொல்லலாம்னு நேத்து மத்தியானம் கூட வந்தேன்."

"நேத்தா?"

"ஆமாக்கா. நான் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி, ரெண்டரை இருக்கும். ரெண்டு தடவை அடிச்சேன். தூங்கறாங்கன்னு போயிட்டேன்."

அவள் மனசுக்குள் நேரத்தைக் கணக்குப் போட்டாள். தைலக்காரி போனபின். டாக்டர் சொன்ன மத்தியானம். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் குழந்தை பிறந்த சேதியோடு நின்றிருக்கிறான். இந்தப் பக்கம் அத்தை, தூங்கிக்கொண்டிருந்தாளோ, பெட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாளோ. ஒரு வார்த்தை வெளியே போயிருந்தால் இவன் கதவை உடைத்துக்கொண்டாவது உள்ளே வந்திருப்பான். வந்தும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். இனிமேல் எந்த டாக்டரைக் கேட்டும் அது தெரியப்போவதில்லை.

"உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவாங்கக்கா," என்றான் அவன், ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று.

"தெரியும்," என்றாள். "நான் புரட்டறது வலிக்குதுன்னு சொல்லியிருப்பாங்க."

அவன் முகம் சுருங்கிப்போனது. பொய் சொல்லத் தெரியாத ஆள். "அது... சொல்லுவாங்கதான். நான் சொன்னேன், அக்காகிட்ட சொல்லுங்கம்மா, மெதுவா செய்வாங்கன்னு. 'சொல்லக் கூடாதுப்பா, அவளே ஓடி ஓடிக் களைச்சுக் கெடக்கா, சொன்னா ராத்திரி தூங்க மாட்டா'ன்னாங்க."

அவள் அவனை உள்ளே அழைத்துப் போனாள். அவன் கட்டில் ஓரமாக நின்று அத்தையின் முகத்தையே பார்த்தான். அவனும் இன்றுதான் அந்த முகத்தைப் பார்க்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் பேசியதெல்லாம் சுவரில் ஒரு பொத்தானோடு. அவன் உதடு அசைந்தது. பையன் பிறந்ததைச் சொன்னான் போலிருக்கிறது.

எடுத்துக்கொண்டு போனார்கள். ஆக வேண்டியதெல்லாம் ஆனது. திரும்பி வந்து, குளித்து, யாரோ கொடுத்ததை யாரோ சாப்பிட்டார்கள். வெயில் தாழ்ந்து சாயங்காலமானபோது உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பத் தொடங்கினார்கள். மருமகள் அத்தையின் அறைக்குப் போனாள். மெத்தையின் மேலிருந்த ரப்பர் ஷீட்டை உருவி மடிக்கக் கணவன் தனியாக அல்லாடிக்கொண்டிருந்தான். அவள் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து மடித்தார்கள். எத்தனையோ நாள் அவள் தனியாக மடித்த ஷீட். அவன் அதை இன்றுதான் தொடுகிறான்.

"இந்தப் பெட்டிய எடுத்துடாத," என்றான் அவன், தலைமாட்டைப் பார்த்து. "இங்கயே இருக்கட்டும். அம்மா எவ்ளோ ஆசையா வச்சிருந்தாங்க. நான் ஒரு நாளாச்சும் அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணி நாலு வார்த்த கேட்டிருக்கணும். உன் தலையிலயே எல்லாத்தையும் கட்டிட்டு இருந்துட்டேன். அம்மா என்கிட்ட கேட்டாங்க தெரியுமா? தெரியாதுன்னுட்டேன்."

"உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லங்க."

"நாளைக்கு நான் போன் பண்றேன். நம்பர் குடு. இத்தன நாளா ஒரு கோளாறக் கூட சரி பண்ண மாட்டானா? ஒரு மனுஷி வாசலப் பாக்காமலே போயிட்டா. விட மாட்டேன் அவன." துக்கத்துக்கு ஒரு எதிரி கிடைத்ததில் அவன் கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தான்.

ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்துவிடலாம். ஏதாவது ஒரு நம்பரைக் கொடுக்கலாம். அங்கேயும் அவளைப் போல ஒருத்தி எடுத்து, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று இனிமையாகச் சொல்வாள், அவன் கத்திவிட்டு வைப்பான், அத்தோடு முடிந்துவிடும். நல்ல மருமகள் என்ற பேர் மிஞ்சும். ஆனால் அந்தப் பேரோடு இந்த அறையில் இனி எப்படிப் பெருக்கித் துடைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் மடித்த ஷீட்டைக் கட்டிலில் வைத்தாள். போனை எடுத்தாள். அவன் பார்க்கும்படி உள்ளங்கையில் நேராகப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒரே ஒரு தடவை தொட்டாள்.

"வாசல்," என்றாள் பெட்டியிடம்.

திரை விழித்துக்கொண்டது. வாசல் வந்தது. செருப்புகள் பாதி குறைந்திருந்தன. நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிச் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பெரியவர் நின்றார். இருவரின் குரலும் இங்கே கட்டில் பக்கத்தில், கணீரென்று கேட்டது.

"சரியாயிடுச்சா!" என்றான் கணவன். முகம் ஒரு நொடி மலர்ந்தேவிட்டது. பெட்டியைப் பார்த்தான். பிறகு அவள் கையில் இருந்த போனைப் பார்த்தான். பிறகு அவள் கட்டைவிரலைப் பார்த்தான். அங்கேயே அவன் பார்வை நின்றுவிட்டது.

அவள் விரலை எடுக்கவில்லை. மறைக்கவும் இல்லை.

"...பெத்த பொண்ணு நான் கூட இப்படிப் பாத்திருக்க மாட்டேன்," என்றாள் திரையில் நாத்தனார், இன்னொரு காலைச் செருப்புக்குள் நுழைத்தபடி. "ஒரு நாள் மொகம் சுளிச்சு நான் பாத்ததில்ல. எங்கம்மா குடுத்து வச்சவ."

"அது என்னமோ வாஸ்தவம்," என்றார் பெரியவர்.

கணவன் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தான். 'முடி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் குரல் நின்றுவிடும். அவன் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. நாத்தனார் இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போகிறவரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு வாசலில் ஆள் நடமாட்டம் இல்லை என்று கண்டு, திரை தானாகவே அணைந்தது.